முதுகலை மாணவர் கண்காட்சி: 19 பேருக்கு ஒரே முகம் எப்படிக் கொடுப்பது?

கறுப்புமை:

வணக்கம். சென்னையில் முதுகலை நுண்கலைப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் மூன்று நாள் எங்கள் கண்காட்சி. ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, செராமிக், துணி வடிவமைப்பு எல்லாம் சேர்த்து 19 பேர். சுவரொட்டி, அழைப்பிதழ், இன்ஸ்டாகிராம், வாசலில் தொங்கும் பதாகை, படைப்புகளுக்குப் பக்கத்தில் வைக்கும் பெயரட்டை, சின்னக் கையேடு என்று எல்லாவற்றுக்கும் ஒரே முகம் கொடுக்க வேண்டும். வகுப்பில் எனக்குக் கோரல் என்ற வரைகலை மென்பொருள் தெரியும் என்பதால் வேலை என்னிடம் வந்திருக்கிறது. கையில் 22,000 ரூபாய், ஆறு வாரம்.

இதுவரை ஐந்து லோகோ வரைந்துவிட்டேன். ஐந்தும் எனக்கே பிடிக்கவில்லை. தூரிகை, விதை, கதவு, கண், விரல் ரேகை. எதைப் போட்டாலும் யாராவது ஒருவர் "இது என் வேலைக்குச் சம்பந்தமே இல்லையே" என்கிறார், அவர் சொல்வதும் சரிதான். சிற்பம் செய்கிறவர் ஒருவர் சவுக்குக் கட்டைகளைக் கட்டி ஆளுயரத்துக்கு மேல் நிறுத்துகிறார், இன்னொருத்தி தன் பாட்டியின் பழைய புடவைகளில் தைக்கிறாள், வேறொருவர் வீடியோ மட்டும்தான். இவர்களுக்கெல்லாம் பொதுவாக எந்தச் சின்னத்தை வரைவது? பேராசிரியர் ஒருவர், இருப்பதிலேயே நல்ல ஓவியம் ஒன்றை எடுத்துச் சுவரொட்டியில் பெரிதாகப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்கிறார். அதற்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லவும் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவைக்கோடு:

தம்பியா தங்கையா தெரியவில்லை, எப்படியானாலும் முதலில் லோகோ வரைவதை நிறுத்துங்கள். மூன்று நாள் ஓடும் கண்காட்சிக்கு லோகோ தேவையில்லை. லோகோ என்பது பல வருடம் திரும்பத் திரும்பப் பார்த்து மனதில் பதிய வேண்டிய பொருள். உங்களுக்கு வேண்டியது பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் இரண்டு நொடியில் நின்று பார்க்கிற ஒரு விஷயம்.

ஒரே ஒரு வலுவான படம் போதும் என்ற கட்சி நான். 1972 இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த ஐந்தாவது டாக்குமெண்டா கலைக் கண்காட்சிக்கு அமெரிக்க ஓவியர் எட் ரூஷா செய்த சுவரொட்டியைத் தேடிப் பாருங்கள். எறும்புகள் கூடி 5 என்ற எண்ணாக நிற்கும். அதில் எந்தக் கலைஞரின் படைப்பும் இல்லை, கண்காட்சியின் பொருளை விளக்கவும் இல்லை. ஆனால் பார்த்தவர் மறக்க மாட்டார். உங்கள் பேராசிரியர் சொல்வதில் பாதி சரி: ஒரு படம் வேண்டும். அது உங்களில் ஒருவருடைய படைப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை.

முன்னாள்மாணவி:

அந்த இன்னொரு பாதியைப் பற்றி நான் சொல்கிறேன். நான் படித்து முடித்த ஆண்டில் எங்கள் கல்லூரியில் அப்படித்தான் செய்தார்கள். எது என்று சொல்ல விரும்பவில்லை. நன்றாக வரையும் ஒரு நண்பனின் ஓவியம் சுவரொட்டி முழுக்க இருந்தது, எங்கள் பெயர்கள் அடியில் எறும்பு அளவில். திருவண்ணாமலைப் பக்கத்து ஊரிலிருந்து அப்பா பேருந்து பிடித்து வந்தார். வாசலில் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, "இது உன் படமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "உன் பேரு எங்க இருக்கு?" என்றார். குனிந்து தேடினோம். இருந்தது, ஆங்கிலத்தில், முதலெழுத்து தப்பாக. அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, நான் விரலை வைத்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அந்த இடத்தை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். அந்த நண்பனுக்கும் அது சங்கடமாகத்தான் இருந்தது. பார்க்க வந்தவர்களில் பல பேர் அவனுடைய தனிக் கண்காட்சி என்றே நினைத்தார்கள்.

இரண்டு வருடம் ஒரே கூடத்தில் எண்ணெய் வாசனையில் உட்கார்ந்து வேலை செய்தவர்களில் ஒருவரை மட்டும் எடுத்து முகமாக்கினால் மற்றவர்கள் பின்னணி ஆகிவிடுகிறார்கள். உங்கள் பேராசிரியரிடம் இதைச் சொல்லுங்கள்.

எழுத்துருப்பித்து:

முன்னாள்மாணவி சொன்னதில் வடிவமைப்புப் பாடம் ஒன்று இருக்கிறது. மாணவர் கண்காட்சியின் சுவரொட்டியில் முக்கியமான தகவல் பெயர்கள்தான். தலைப்பைவிட, படத்தைவிட. இந்தப் பெயர்கள் பொதுவெளியில் அச்சாவது பலருக்கு இதுவே முதல் முறை. ஆகவே பெயர்களையே படமாக்க முடியுமா என்று யோசியுங்கள்.

தமிழில் செய்வதாக இருந்தால் சில விஷயங்களை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள், கடைசி நேரத்தில் தெரிந்தால் அழுகை வரும். தமிழ்ச் சொற்கள் நீளம், அதனால் ஆங்கிலத்தில் ஒரு வரியில் நிற்கும் பெயர் இங்கே மடியும். மேலே கி, கீ என்று விசிறி, கீழே கு, கூ என்று இறங்கும், அதனால் வரி இடைவெளி தாராளமாக வேண்டும். ஆங்கிலத்துக்கு வைக்கும் இடைவெளியை அப்படியே வைத்தால் மேல்வரியின் கொக்கி கீழ்வரியின் தலையில் இடிக்கும். நம் எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமும் இல்லை, ஆகவே பக்கத்தில் ஆங்கிலத்தை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டால் அது கத்துவதுபோலவும் தமிழ் முணுமுணுப்பதுபோலவும் இருக்கும். ஆங்கிலத்தைச் சின்ன எழுத்தில் வைத்து, அளவையும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

எழுத்துருவுக்கு அனெக் தமிழ் நன்றாக இருக்கும். எக் டைப் என்ற எழுத்துரு நிறுவனத்தார் 2022 இல் வெளியிட்டார்கள், இலவசம். தடிமன் மட்டுமல்ல, அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் நீளமான பெயரைக் குறுகலாகவும் சின்னப் பெயரை அகலமாகவும் வைத்து ஒரே பத்திக்குள் அடக்கலாம். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரானும் இருக்கிறது, மெல்லியதிலிருந்து தடித்தது வரை ஒன்பது எடை. விண்டோஸோடு வரும் லதா எழுத்துருவை மட்டும் விட்டுவிடுங்கள், அதைப் பார்த்தால் எல்லோருக்கும் அரசு அலுவலகச் சுற்றறிக்கை ஞாபகம்தான் வரும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. அச்சகத்தில் இருக்கும் பழைய கோரலில் யூனிகோடு தமிழ் உடையும், "கொ" என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் என்னவோ. பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனிலும் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இதே கதை. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் தமிழ் ஒழுங்காக வரும், அதில் செய்துவிட்டுக் கர்வ் போட்டு, அதாவது எழுத்துகளை வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றி, பிடிஎஃப் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பெயரையும் அந்தந்த ஆளிடமே காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு பிழைதிருத்தம் கிடையாது.

கோவைக்கோடு:

எழுத்தையே படமாக்குவது நம் ஊருக்குப் புதிதல்ல. சென்னைக் கலைப் பள்ளியிலிருந்து வந்தவர்களே அதை நிறையச் செய்திருக்கிறார்கள். கே.சி.எஸ். பணிக்கர் 1960-களில் சொற்களும் குறியீடுகளும் வரிசையில் எழுத்தை ஓவியத்தின் பரப்பாகவே மாற்றினார். ஓவியர் ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் வரைந்த தலைப்பெழுத்துகளைப் பார்த்துத்தான் என் தலைமுறைக்கு எழுத்துக்கும் ஓவியனுக்கும் உறவு இருக்கிறது என்றே தெரிந்தது. ஆனால் அவருடைய தூரிகை வளைவைப் போலி செய்யாதீர்கள். அந்த ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. பத்து வருடம் ஆயிற்று அதிலிருந்து வெளியே வர.

நிறம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் தெருவில் நிறங்களுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் உண்டு. கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் தூரத்திலிருந்து கட்சிச் சுவரொட்டி. 19 பேரின் முகத்தையும் கறுப்பு வெள்ளையில் வரிசையாக வைத்தால் கண்ணீர் அஞ்சலி. தங்க நிறமும் ரோஸும் கல்யாணம். இவற்றையெல்லாம் தாண்டி மிச்சம் இருப்பதில் ஒன்றை எடுங்கள். எதை எடுத்தாலும் சுவரில் ஒட்டி, சாலைக்கு எதிர்ப்புறம் போய் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். திரையில் பளிச்சென்று இருக்கும் ஊதாவும் நீலமும் அச்சில் சோர்ந்துபோய்த்தான் வரும்.

கல்அச்சு:

அச்சுக்கலைத் துறை உங்களிடமே இருக்கிறதே, அப்புறம் ஏன் வெளியே அச்சுக்குக் கொடுக்கிறீர்கள்? ஸ்கிரீன் பிரிண்டிங் மேசை இருக்கும், பிரேம் இருக்கும், மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்க்வீஜியைப் பிடிக்கத் தெரிந்த ஆள் உங்களில் மூன்று நான்கு பேராவது இருப்பார்கள். ஒரே நிறம், ஒரே ஸ்கிரீன். பட்டர் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்து, வெளிச்சம் காட்டி ஸ்கிரீனில் பதித்தால் ஃபிலிம் செலவும் இல்லை. ஒரு நாள் உட்கார்ந்தால் 150 தாள் போட்டுவிடலாம். அதே ஸ்கிரீனைக் காடாத் துணியில் போட்டால் வாசல் பதாகையும் ஆயிற்று. ஃப்ளெக்ஸ் வேண்டாம். மூன்று நாளுக்குப் பிறகு அது எங்கே போகும் என்று நினைத்துப் பார்த்தால் அடிக்க மனம் வராது.

இது சிக்கனத்துக்காக மட்டும் சொல்வதில்லை. 1923 இல் ஜெர்மனியின் வைமரில் பௌஹவுஸ் கலைப் பள்ளி தன் முதல் பெரிய கண்காட்சியை நடத்தியபோது அதற்கான சுவரொட்டியைச் செய்த ஜூஸ்ட் ஷ்மிட் அங்கே மாணவர். அழைப்புக்காக வந்த 20 அஞ்சல் அட்டைகளை காண்டின்ஸ்கி, பால் க்ளே மாதிரி ஆசிரியர்களும் ஹெர்பர்ட் பேயர் மாதிரி மாணவர்களும் வரைந்தார்கள். எல்லாம் கல் அச்சு. ஒவ்வொரு அட்டையும் ஒவ்வொரு கை, ஆனாலும் ஒரே இடத்திலிருந்து வந்தது என்று தெரியும். ஒரே முகம் என்றால் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

எச்சரிக்கை ஒன்று: ஸ்கிரீனில் தமிழ் அடிக்கும்போது புள்ளியைக் கவனியுங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் மை பரவி ண-வின் சுழி அடைத்துக்கொண்டு ன ஆகிவிடும், புள்ளி காணாமல் போனால் செந்தில் என்பவர் செந்தில ஆகிவிடுவார். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான புள்ளியை நம்பாதீர்கள். தண்ணீர் மை என்றால் ஏப்ரல் வெக்கையில் ஸ்கிரீனிலேயே காய்ந்து வலைக்கண்களை அடைத்துவிடும், காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பத்துக்குள் முடியுங்கள். மின்விசிறியை நேராக மேசை மேல் விடாதீர்கள்.

கறுப்புமை:

இரண்டு நாளாக இதையெல்லாம் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். முன்னாள்மாணவி அக்கா, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதை வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு பேராசிரியரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நேற்று கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் கூடத்தில் யாருடைய பொருள் எது என்பதற்கு மாஸ்கிங் டேப்தான். முதல் வருடம் இடம் பிரித்தபோது தரையில் டேப் ஒட்டிப் பெயர் எழுதினோம். மைக்குப்பி, தூரிகை ஜாடி, காய வைத்த கேன்வாஸின் பின்புறம், டிபன் பாக்ஸ் மூடி, எல்லாவற்றிலும் டேப், டேப்பில் பெயர். இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்து, கையெழுத்தை வைத்தே யார் என்று சொல்லிவிடுவோம். எங்கள் 19 பேருக்கும் பொதுவாக இருக்கிற ஒரே பொருள் அதுதான் என்று தோன்றியது.

யோசனை இது: சுவரொட்டியில் கண்காட்சி, தேதி, இடம் மட்டும் அனெக்கில் ஒரே நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்ட். மேலே பெரிய வெற்றிடம். அதில் ஒவ்வொருவரும் டேப்பைக் கிழித்துத் தன் பெயரைத் தன் கையால் எழுதி ஒட்டுவார்கள். ஒவ்வொரு சுவரொட்டியும் வேறு வேறு. இன்ஸ்டாகிராமுக்கும் கையேட்டுக்கும் அதையே ஸ்கேன் செய்வது.

எழுத்துருப்பித்து:

எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் மூன்று சந்தேகம். கையெழுத்தைத் தூரத்திலிருந்து வாசிக்க முடியாது. பெயர்களை எந்த வரிசையில் வைப்பீர்கள்? 150 தாளுக்கு 19 பெயர் என்றால் 2,850 முறை டேப் கிழிக்க வேண்டும், கணக்குப் போட்டீர்களா?

வரிசை சின்ன விஷயம் இல்லை. ஆங்கில அகரவரிசையில் வைத்தால் ஒருவர் முதலில் வருவார், தமிழ் அகரவரிசையில் வேறொருவர். தமிழில் அடுக்கினால் ஜ, ஷ, ஸ எல்லாம் ன-வுக்கும் பின்னால் போய்விடும், ஆக ஜெயாவும் ஸ்டெல்லாவும் எப்போதும் கடைசி. மதிப்பெண் வரிசை என்றால் கேட்கவே வேண்டாம்.

முன்னாள்மாணவி:

வரிசைக்குப் பதில் அதிலேயே இருக்கிறதே. தாளுக்குத் தாள் வேறு. ஒரு தாளில் ஸ்டெல்லா மேலே, அடுத்ததில் அவள் மூலையில். ஆஃப்செட்டில் இது முடியாது. கையால் ஒட்டும்போது தானாக நடக்கும்.

கோவைக்கோடு:

ஒரு படம் போதும் என்று சொன்னவன் நான், இப்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன். இது ஒரு படமும் இல்லை, ஒரு விதி. யேல் பல்கலைக்கழகக் கலைப் பள்ளியின் இணையதளம் ஞாபகம் வருகிறது, 2006 இல் அதை ஒரு விக்கியாக ஆக்கினார்கள், அங்கே படித்த மாணவர் யார் வேண்டுமானாலும் பக்கத்தைத் திருத்த முடிந்தது, பின்னணியை மாற்ற முடிந்தது. சில நாள் பார்க்கக் கண் கூசியது. ஆனால் அந்தப் பள்ளி அங்கே உயிரோடு இருப்பது தெரிந்தது.

ஒரே கவலை: அழகாக எழுத வேண்டும் என்று யாரும் முயற்சி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலை மாணவர்கள் பெயர் எழுதச் சொன்னால் கோலம் போட ஆரம்பித்துவிடுவார்கள். தூரிகை ஜாடியில் எப்படி எழுதினார்களோ அப்படியே வேண்டும். ஒரே மார்க்கர், ஒரே அகல டேப், ஒரே ஒரு முறை. விதி கறாராக இருந்தால்தான் கைகளின் வேறுபாடு தெரியும். ஆளுக்கு ஒரு பேனா கொடுத்தால் எல்லாம் கலந்து சந்தை ஆகிவிடும்.

யாழ்_தூரிகை:

இங்கே யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒரு மாணவர் கண்காட்சிக்கு வேலை செய்தபோது தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டியிருந்தது. மூன்று எழுத்துக்கும் ஒத்துப்போகும் எழுத்துரு தேடியே பாதி நேரம் போனது. அனெக்கில் பத்து எழுத்துமுறைகள் இருக்கின்றன, சிங்களம் இல்லை. கடைசியில் மூன்றையும் ஒன்றுபோல் ஆக்கும் முயற்சியை விட்டுவிட்டு மூன்றுக்கும் ஒரே அகலமான பத்தி, ஒரே நிறம், ஒரே இடைவெளி என்று வைத்தோம். எழுத்து வேறாக இருந்தாலும் இருக்கும் இடம் சமமாக இருந்தால் கண் ஏற்றுக்கொள்கிறது. எந்த மொழி மேலே என்ற கேள்வி எங்களுக்குச் சின்னக் கேள்வி இல்லை. அதற்காக மூன்று பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம், மேல் கீழ் இல்லாமல்.

உங்கள் டேப்பில் ஒவ்வொருவரும் விரும்பிய மொழியில் எழுதலாம் அல்லவா? அது எனக்கு மிகவும் பிடித்தது.

சுவர்க்காவலர்:

நான் கண்காட்சிகளுக்குப் படம் மாட்டுகிறவன், பதினாறு வருடம். எல்லோரும் சுவரொட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள், உள்ளே வந்த பிறகு ஆள் பார்ப்பது பெயரட்டையைத்தான். அங்கேதான் மாணவர் கண்காட்சிகள் சறுக்கும். முந்தின நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கையில் கிடைத்த தாளில் பன்னிரண்டு புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்தில் அடித்து, கத்தரியால் வெட்டி, கோணலாக ஒட்டுவார்கள்.

கீழே கைக்கெட்டும் உயரத்தில் எல்லா அட்டையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், நூல் கட்டிப் பாருங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145, 150 செ.மீ. உயரத்தில் வரும்படி மாட்டுவோம், அட்டை அதற்கும் கீழே, வலப்பக்கம். எழுத்து 18 புள்ளிக்குக் குறையவே கூடாது, வருகிறவர்களில் பாதிப் பேர் அப்பா அம்மாக்கள், கண்ணாடியை மறந்துவிட்டு வருவார்கள். வெள்ளைச் சுவரில் சாம்பல் எழுத்து பார்க்க நாகரிகமாக இருக்கும், யாராலும் வாசிக்க முடியாது. பெயர், படைப்பின் தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு. அளவு என்றால் உயரம் முதலில், அகலம் அடுத்து, செ.மீ. இதை 19 பேரிடமும் இப்போதே கேட்டு வாங்குங்கள், கடைசி வாரம் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

டேப்பை அரங்குச் சுவரில் நேராக ஒட்டாதீர்கள். எடுக்கும்போது பெயின்ட்டோடு வரும், முன்பணம் திரும்பி வராது. அட்டையில் ஒட்டி, அட்டையைச் சுவரில் வையுங்கள்.

கல்அச்சு:

ஊடகத்தைத் தமிழில் எழுதும்போது கொஞ்சம் யோசித்து எழுதுங்கள். கல் அச்சு, மரச் செதுக்கு, சுடுமண் எல்லாம் பார்த்தவுடன் புரியும். அக்ரிலிக்கை அக்ரிலிக் என்றே எழுதுங்கள். உலோகத் தகட்டை அமிலத்தில் அரித்து அச்செடுக்கும் எச்சிங்குக்குப் பலர் பலவிதமாக எழுதுகிறார்கள், நான் "துத்தநாகத் தகட்டில் எச்சிங்" என்று எழுதுவேன். தகடு என்ற வார்த்தை வந்துவிட்டால் பார்க்கிறவர் பக்கத்தில் வந்து கோட்டைத் தேடுகிறார்.

கறுப்புமை:

கண்காட்சி முடிந்து எட்டு நாள் ஆகிறது. எழுத உட்கார நேரம் கிடைக்கவில்லை, மன்னியுங்கள். என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

2,850 முறை டேப் கிழிக்கவில்லை. எழுத்துருப்பித்து கேட்ட அன்றே கணக்குப் போட்டுப் பயந்துபோய்விட்டோம். 60 தாள் மட்டும் கையால் ஒட்டினோம். கல்லூரிக்குள்ளும் அரங்கைச் சுற்றியும் ஒட்ட அது போதும். மீதி 90 தாளுக்கு, பெயர்களை ஸ்கேன் செய்து இரண்டாவது ஸ்கிரீன் போட்டோம், வெளிர் மஞ்சளில் டேப்பின் வடிவம், அதன்மேல் நீலத்தில் பெயரும் தேதியும். அதிலும் தாளைத் தலைகீழாகத் திருப்பி டேப் ஸ்கிரீனை அடித்ததில் பாதித் தாள்களுக்கு அடுக்கு மாறியது, பெயர்கள் அதற்கேற்ப நகர்ந்த இன்னொரு ஸ்கிரீனும் தேவைப்பட்டது. காலை ஆறு மணி ஆலோசனை எங்களைக் காப்பாற்றியது. ஒரு நாள் ஒன்பதரைக்கு ஆரம்பித்துப் பார்த்தோம், பன்னிரண்டு தாளில் ஸ்கிரீன் அடைத்துக்கொண்டது.

நீலத்தை எடுக்கப் பெரிய காரணம் இல்லை. கூடத்தில் நாங்கள் எழுதிய மார்க்கர்களில் பெரும்பாலும் நீலம்தான். சாலைக்கு எதிர்ப்புறம் நின்று பார்த்தோம், பெயர்களை வாசிக்க முடியவில்லை, ஆனால் ஏதோ ஒட்டி ஒட்டி வைத்திருக்கிறார்களே என்று கண் போனது. பக்கத்தில் வந்தால் வாசிக்கலாம். சினிமா, கட்சி, கோச்சிங் சென்டர் எல்லாம் இருக்கிற அந்தச் சுவரில் எங்களுடையதுதான் அச்சடித்ததுபோல இல்லாமல் இருந்தது.

பெயர் எழுதின நாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்து, ஒரே மார்க்கரைக் கை மாற்றிக் கொடுத்தோம். எழுதுவதற்கு அரை மணி நேரம் ஆகும் என்று நினைத்தேன், மாலை ஆகிவிட்டது. ஒருவன் அப்பாவின் முதலெழுத்தை விட்டுவிட்டு அம்மாவுடையதை எழுதினான். ஒருத்தி முதலெழுத்தே வேண்டாம் என்று வெறும் பெயரை எழுதினாள். ஆறு பேர் ஆங்கிலம், ஒருவர் தெலுங்கு, மற்ற எல்லோரும் தமிழ். எங்கள் தோழி ஒருத்தி கல்லூரிப் பதிவேட்டில் இருக்கிற பெயரை எழுதவில்லை, நாங்கள் இரண்டு வருடமாக அவளைக் கூப்பிடுகிற, அவளே தனக்கு வைத்துக்கொண்ட பெயரை எழுதினாள். எழுதிவிட்டு டேப்பைக் கையிலேயே ரொம்ப நேரம் வைத்திருந்தாள். நான் கோரலில் உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்து 19 பெயரையும் தட்டச்சு செய்திருந்தால் அவள் பெயரை நான்தான் தப்பாகப் போட்டிருப்பேன், அதுவும் ரொம்ப அழகான எழுத்துருவில். அன்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தலைப்பு வைக்கவில்லை. மூன்று வாரம் சண்டை போட்டும் ஒத்துப்போகவில்லை, கடைசியில் முதுகலை இறுதியாண்டுக் கண்காட்சி என்று மட்டும் போட்டோம். பெயர்கள் இருந்ததால் தலைப்பு இல்லாத குறை யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் தவறுகள்: கையேட்டில் டேப் பெயர்களைச் சின்னதாக்கிப் போட்டேன், வாசிக்க வரவில்லை, பக்கத்திலேயே அச்செழுத்திலும் போட்டிருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் முதல் படத்தைச் சதுரமாக வெட்டியதில் இரண்டு பேர் பெயர் பாதி போய்விட்டது, அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு மாற்றினேன். வீடியோ செய்கிற நண்பனுக்குப் பெயரட்டை எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை, இருட்டறையில் அட்டை யாருக்கும் தெரியவில்லை. அவன் திறப்பு விழாவுக்கு அரை மணி நேரத்துக்கு முன் டேப்பில் மறுபடி எழுதி வாசலின் நிலையில் ஒட்டிக்கொண்டான்.

முன்னாள்மாணவி:

உன் அம்மா அப்பா வந்தார்களா?

கறுப்புமை:

அம்மா மட்டும் வந்தார் அக்கா, கள்ளக்குறிச்சியிலிருந்து. உள்ளே போவதற்கு முன்பே சுவரொட்டியில் என் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். "இது உன் எழுத்து" என்றார். பெயரை வாசிப்பதற்கு முன்னாலேயே.

சுவர்க்காவலர்:

அட்டையெல்லாம் ஒரே மட்டத்தில் இருந்ததா?

கறுப்புமை:

நூல் கட்டித்தான் வைத்தோம் அண்ணா. சிற்பப் பீடங்களுக்கு மட்டும் நூல் உதவவில்லை, அங்கே பீடத்தின் மேல்விளிம்பிலிருந்து நான்கு விரல் கீழே என்று வைத்துக்கொண்டோம். 18 புள்ளி போதவில்லை, 22 போட்டோம். சுவரில் ஒரு இடத்திலும் பெயின்ட் உரியவில்லை, முன்பணம் முழுதாகத் திரும்பி வந்தது.

எழுத்துருப்பித்து:

செலவு எவ்வளவு ஆயிற்று? அடுத்த வருடம் இங்கே இதே கேள்வியோடு வேறு யாராவது வருவார்கள், எழுதி வைத்தால் உதவும்.

கறுப்புமை:

தாளும் மையும் ஸ்கிரீன்களும் சேர்த்து 7,400. காடாத் துணி, தையல், கம்பு 1,900. பெயரட்டை 1,200. கையேடு வெளியே டிஜிட்டலில் அடித்தது, 200 பிரதி, 8,600. டேப்பும் மார்க்கரும் 640. மீதி இருந்த பணத்தில் கடைசி நாள் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம். ஸ்கிரீன்களில் ஒன்றை மட்டும் கழுவாமல் ஜூனியர்களிடம் கொடுத்திருக்கிறேன், இடம் போட்டிருக்கும் வரி அப்படியே இருக்கும், தேதியை மட்டும் அடைத்துவிட்டு வேறு அடிக்க வேண்டும்.

கல்அச்சு:

தாள் அளவு ஏ3 தானே? என்ன தாள்?

கறுப்புமை:

ஏ3 தான். முதலில் ஆர்ட் பேப்பரில் போட்டோம், டேப் சரியாக ஒட்டவில்லை, ஓரம் சுருண்டது. அப்புறம் சொரசொரப்பான கிராஃப்ட் தாளுக்கு மாறினோம், 120 ஜிஎஸ்எம். மழைக்குப் பிறகும் ஒட்டிய இடத்திலேயே இருக்கிறது, இன்று காலையும் பேருந்தில் வரும்போது பார்த்தேன்.